லாச்சிக்குள் வந்த நிறக் குத்திகள்: ஒரு கடைக்காரியின் கணக்கு

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் ஒரு ஒழுங்கை முகப்பில் இருபத்திரண்டு வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். அரிசி, மா, சீனி, பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில், பின்னேரத்தில் பாண். நாணயம் சேர்க்கிற ஆள் இல்லை நான். ஆனால் சேர்க்கிறவர்கள் ஒரு வருடத்தில் தொடாத அளவு குத்தியை நான் ஒரு கிழமையில் தொட்டுவிடுவேன். மத்திய வங்கிக்காரர் திருத்தமாகக் 'குற்றி' என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அது எப்போதும் குத்திதான்.

கரண்ட் போன நேரத்திலும் காசு போடுகிற மேசை லாச்சிக்குள் கையை விட்டு ஐந்தையும் பத்தையும் பிரித்து எடுப்பேன். பத்து ரூபாய்க் குத்திக்குப் பதினொரு பக்கம். கனபேருக்கு இது தெரியாது, என் பெருவிரலுக்குத் தெரியும். முந்தி ஐந்து ரூபாய் மஞ்சளாக இருந்தது, கண்ணாலேயே பிரிக்கலாம். 2017க்குப் பிறகு வந்த புதுசெல்லாம் துருப்பிடிக்காத உருக்கு, ஒரே வெள்ளை. கண் மங்கின கிழவர்மார் உள்ளங்கையை விரித்து நீட்டி, "நீயே எடு பிள்ளை" என்கிறார்கள். குத்திக்கு நிறம் இருந்தால் நல்லதா, அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்ற கேள்வி அழகு பார்க்கிறவர்களுக்கு மட்டும் உரியது இல்லை. என் தொழிலுக்கும் அதில் சோலி இருக்கிறது.

என்னிடம் ஒரு பழைய பிஸ்கற் பேணி நிறைய வெளிநாட்டுக் குத்தி இருக்கிறது. வந்த வழி எல்லா வீட்டிலும் ஒன்றுதான். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற சொந்தக்காரர், திரும்பிப் போகிற அன்று பேர்சைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போவார்கள். தாளைத்தான் நகரத்தில் மாற்றலாம், குத்தியை எந்தக் காசு மாற்றுகிறவனும் தொடமாட்டான். அதனால் அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானாகி, பிறகு பேணிக்குள் போய்விடும். அந்தப் பேணிக்குள் நிறம் பூசின குத்திகள் சில. இருபது வருடம் அவற்றோடு பழகியிருக்கிறேன். அவற்றுக்குத்தான் இந்த மதிப்பீடு. அளவுகோல் என்னுடையது: காசென்று அடித்தது காசாக வேலை செய்கிறதா?

முதலில் வந்தது கனடாவின் கால் டொலர். 2005இல், யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ-9 பாதை திறந்திருந்த காலம், அண்ணா ஸ்காபரோவிலிருந்து வந்தார். என் மகனுக்கு அப்போது ஆறு வயது. அண்ணா பேர்சுக்குள் துழாவி ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இஞ்ச பார் மருமோன், பூப் போட்ட காசு."

மேப்பிள் இலையின் நடுவில் சிவப்புப் பொப்பிப் பூ. பையன் முதலில் செய்தது நகத்தால் சுரண்டிப் பார்த்தது. இரண்டாவது, நாக்கால் நக்கியது. டொபி ஒட்டியிருக்கிறது என்று நினைத்தானாம். இரண்டு சோதனையிலும் நிறம் அசையவில்லை.

"எங்க வாங்கினனீங்கள்?" என்று கேட்டேன்.

"வாங்கிறதோ! கோப்பி குடிச்சிட்டு இருபது டொலர் குடுத்தன், மிச்சத்துக்க வந்தது."

அந்தப் பதில்தான் எனக்குப் பிடித்தது. 2004 ஒக்ரோபரில் கனடா இதை வெளியிட்டபோது ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடைகள் வழியாகத்தான் சனத்தின் கைக்குப் போனது. உலகத்திலேயே புழக்கத்துக்கென்று நிறம் பூசி விட்ட முதல் குத்தி இது. கிட்டத்தட்ட மூன்று கோடி அடித்தார்கள். நினைவு நாணயம் என்றால் வெல்வெற் பெட்டி, கண்ணாடி மூடி, சான்றிதழ் என்றுதான் எங்களுக்கு நினைப்பு. இவர்கள் தங்கள் போர்களில் செத்த 117,000 பேரின் நினைவைக் கோப்பிக் கடை மிச்சக் காசில் வைத்திருக்கிறார்கள். எண்ணெய்க் கையாலும் ஈரக் கையாலும் அதைத் தொடலாம்.

அந்தக் குத்தியில் 'ரிமெம்பர்' என்று ஆங்கிலத்திலும் 'சுவெனிர்' என்று பிரெஞ்சிலும் எழுதியிருக்கும். சுவெனிர் என்றால் ஊர் பார்க்க வருகிறவன் வாங்கிப் போகும் பனையோலைப் பெட்டிதான் எங்களுக்கு ஞாபகம் வரும். பாரிஸில் இருக்கிற அக்காவின் மகள், என் பெறாமகள், ஒருமுறை சிரித்துக்கொண்டு திருத்தினாள். "சின்னம்மா, அது சாமான் இல்லை. நினைச்சுக்கொள் எண்டு அர்த்தம்."

மகன் அந்தக் குத்தியை நெருப்புப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து மூடிவைத்தான். இன்றைக்கும் அது செக்கச்செவேல் என்றுதான் இருக்கிறது. இருபது வருடம் இருட்டில் படுத்திருந்தால் யாருக்கும் நிறம் போகாது, அதற்கு நான் புள்ளி கொடுக்கமாட்டேன்.

புள்ளி வாங்கியது இரண்டாவது பொப்பி. 2019இல் அண்ணா கொட்டிவிட்டுப் போன குத்திகளுக்குள் கிடந்தது. அதே 2004ஆம் ஆண்டு, அதே பூ. ஆனால் இது பதினைந்து வருடம் கனடாவில் உழைத்த குத்தி. எத்தனை கோப்பி, எத்தனை பஸ், எத்தனை துணி தோய்க்கிற மெசின்! இரண்டையும் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நான் மருந்துப் பெட்டி எழுத்து வாசிக்கிற பூதக்கண்ணாடியால் பார்த்தேன். உழைத்த குத்தியில் இதழ்களின் மேடான இடமெல்லாம் வெறும் வெள்ளை உலோகம். விளிம்பில், பள்ளத்தில் மாத்திரம் சிவப்பு ஒட்டியிருக்கிறது, கால் நகத்தில் போன மாதம் போட்ட மருதோண்டி மாதிரி. அதோடு ஒரு விசயம் தெரிந்தது. நிறம் போன இடம் மழமழப்பாக இல்லை. கசகசாவைத் தூவி அழுத்தி எடுத்தது போலக் கண்ணுக்குப் படாத சிறு குழிகள். மை பிடித்து நிற்பதற்காகவே அந்தப் பூவின் பரப்பைக் குழிவிழ அடித்திருக்கிறார்கள். அதன்மேல் மையைத் தெளித்து, மேலே உராயாமல் இருக்க ஒரு தெளிந்த பூச்சும் பூசியிருக்கிறார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க முதல் சுவரைக் கொத்திவிடுகிற மேசன் வேலைதான், ஆனால் 23.88 மில்லிமீற்றர் அகலத்துக்குள்.

இவ்வளவு செய்தும் நிறம் போனது என்பது குறைதான். ஆனால் நிறம் போன பிறகும் பூ போகவில்லை. கோடு கோடாக இதழ் தெரிகிறது, எழுத்து தெரிகிறது, 25 சதம் தெரிகிறது. நிறத்தை நம்பி மாத்திரம் உருவத்தைச் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தை ஆண்ட எங்கள் ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது காசிலும் படுத்திருக்கும் இடபமும் அதன் கீழே 'சேது' என்ற எழுத்தும் இத்தனை நூற்றாண்டு கழித்தும் வாசிக்கக் கிடக்கின்றன. அடித்த அச்சு ஆழமாக இருந்தால் மை வருவதும் போவதும் அதன் இஷ்டம்.

அந்தத் தெளிந்த பூச்சைப் பற்றி ஒரு பகிடி இருக்கிறது. கனடாவுக்குப் போன அமெரிக்க இராணுவ ஒப்பந்தக்காரர் சிலருக்கு இந்தக் குத்தியைப் பார்த்துச் சந்தேகம் வந்திருக்கிறது. ஒருவர் வாடகைக் காரில் கோப்பை வைக்கிற குழிக்குள் கண்டெடுத்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்து, ஏதோ நுண்கருவி ஒளித்திருக்கிறது என்று அறிக்கை எழுதினாராம். அதை நம்பி அமெரிக்கப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்று உளவுக் குத்தி என்று எச்சரிக்கையே விட்டது. 2007 மே மாதம் உண்மை வெளியில் வந்து உலகமே சிரித்தது. அதே 2007இல் என் மகன் அந்தக் குத்தியை நெருப்புப்பெட்டியோடு காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் இராணுவச் சென்றிக்குள்ளால் பள்ளிக்கூடம் போய்வந்தான். இங்கே ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோதனையில் நாங்கள் பற்றரிக்குத்தான் பயந்த காலம்.

இன்னொரு நாள், மழைக்கால மத்தியானம். வேலியெல்லாம் கார்த்திகைப் பூ. கடைக்கு வருகிற ஒரு ஆச்சி, கண்ணாடி மேசையில் இந்த இரண்டு குத்தியும் கிடப்பதைக் கண்டார். சிவந்ததை எடுத்துக் கிட்டக் கொண்டுபோனார்.

"என்ன பூ பிள்ளை இது? எங்கட பூவே?"

"இல்லை ஆச்சி, அவையின்ர ஊர்ப் பூ. போர் நடந்த வயலுகளில பூத்ததாம். செத்த ஆக்களை நினைச்சுச் சட்டையில குத்திறவை, இதே மாசத்தில."

"காசிலயோ போட்டவை?"

"ஓம் ஆச்சி."

பெருவிரலால் பூவைத் தடவிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு மேசையில் வைத்துவிட்டு, "கால் கிலோ பருப்புத் தா" என்றார்.

சரி, அடுத்தது. என் மனுசனின் தம்பி மெல்பேணில் இருக்கிறார். அவர் கொண்டுவந்தது 2012ஆம் ஆண்டு அவுஸ்திரேலியா விட்ட சிவப்புப் பொப்பி இரண்டு டொலர். அந்த நாட்டில் நிறத்தோடு புழக்கத்துக்குப் போன முதல் குத்தி. அடுத்த வருடம் எலிசபெத் மகாராணி முடிசூடின அறுபதாம் ஆண்டுக்கு ஊதா நிற வளையம் போட்டு ஒன்று விட்டார்கள், அதுவும் பேணிக்குள் இருக்கிறது. அதற்குப் பிறகு அவுஸ்திரேலியாக்காரர் நிறுத்தவே இல்லை. ஒலிம்பிக்குக்கு, தீயணைக்கிறவர்களுக்கு, 2022இல் தேனீக்குக்கூட. தேனீ அந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடமாம், குத்தி நடுவில் தேன்கூடு. எங்கள் முருங்கையில் கூடு கட்டுகிற தேனீக்கு இங்கே மண்ணெண்ணெய்ப் பந்தம் காட்டுகிறோம், அங்கே காசு அடிக்கிறார்கள்.

கையில் எடுத்தால் அவுஸ்திரேலிய இரண்டு டொலர் நல்ல பாரம். 20.5 மில்லிமீற்றர்தான் அகலம், 6.6 கிராம். தடிப்பான மஞ்சள் குத்தி, கண்ணாடியில் போட்டால் 'ணங்' என்று கேட்கும். கனடாக் கால் டொலர் 'டிக்' என்று சாகும். அவுஸ்திரேலியக் குத்தி காந்தத்தில் ஒட்டாது, அலுமினியமும் செம்பும் சேர்ந்த கலவை. ஒரே குழப்பம், அவர்களின் ஒரு டொலர் இதைவிடப் பெரியது. பெரியதற்குப் பெறுமதி குறைவு என்ற கணக்கு எந்தக் கடைக்காரிக்கும் மண்டைக்குள் ஏறாது.

இதன் நிறச் சோதனையை நான் செய்யவில்லை, மாமி செய்தார். குத்துவிளக்கு மினுக்குகிற நாளில், மஞ்சளாகக் கிடந்த இதையும் பித்தளை என்று நினைத்து, பழப்புளியும் சாம்பலும் போட்டுப் பொச்சால் தேய்த்துவிட்டார். நான் கடையால் வந்து பார்த்தபோது திரி, எண்ணெய், கற்பூரத்தட்டுக்குப் பக்கத்தில் மகாராணியும் பொன்னாக மினுங்கிக்கொண்டு இருந்தா.

"என்ன மாமி செய்தனீங்கள்!"

"ஏன், அழுக்காக் கிடந்தது. நடுவில சிவப்பா என்னவோ ஒட்டியிருந்தது, அதுதான் போகுதில்லை."

அழுத்தமாகத்தான் தேய்த்திருக்கிறார். சிவப்பு கொஞ்சம் வெளிறி, கீறல் விழுந்தது, ஆனால் போகவில்லை. பொச்சுக்கும் சாம்பலுக்கும் தாக்குப்பிடித்த மை என்றால் அதற்கு நான் பாராட்டுச் சொல்லியே ஆகவேண்டும். ஆனாலும் யாரும் செய்து பார்க்கவேண்டாம். நிறக் குத்தியைத் தேய்க்கவே கூடாது, மென்துணியால் ஒற்றி எடுத்தால் போதும்.

2018இல் அண்ணாவின் மகள் கொண்டுவந்தது எல்லாவற்றிலும் விண்ணானமானது. கனடா 150 வயதைக் கொண்டாடின 2017இல் விட்ட இரண்டு டொலர். இரண்டு பேர் வள்ளத்தில் வலிக்கிறார்கள், மேலே வடதுருவத்து ஒளி பச்சையும் நீலமுமாகத் திரை போலத் தொங்குகிறது. வரைந்தவர் ரிமோதி ஷியா என்ற ஒரு வைத்தியர். முப்பது இலட்சம் குத்தியில் அந்த ஒளி இருட்டில் மினுங்கும். புழக்கத்துக்கு வந்த குத்தியில் அப்படி மினுங்கினது உலகத்திலேயே இதுதான் முதல்.

மருமகள் சொன்னபோது நான் பெரிதாக எடுக்கவில்லை. யன்னலைச் சாத்திக் கையைக் குவித்துப் பார்த்தோம், சும்மா பரவாயில்லை. அதன் உண்மையான சோதனை 2022 மார்ச் மாதத்தில் நடந்தது. பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் மின்வெட்டு நீண்ட நாட்கள். மெழுகுதிரி விலை ஏறி, கடையில் இருந்ததை ஆளுக்கு ஒன்றாகத்தான் கொடுத்தேன். ஒரு இரவு, பக்கத்து வீட்டுச் சின்னன் இருட்டுக்குப் பயந்து அழுதுகொண்டு இருந்தாள். பேணி ஞாபகம் வந்தது. குத்தியை எடுத்துக் கைத்தொலைபேசி வெளிச்சத்தை அதன்மேல் ஒரு நிமிசம் பிடித்துவிட்டு அணைத்தேன். என் உள்ளங்கைக்குள் பச்சைத் திரை ஒன்று ஆடாமல் எரிந்தது. வள்ளம் தெரியவில்லை, ஆட்கள் தெரியவில்லை, வானம் மாத்திரம். அவள் அழுகையை நிறுத்தி, "அன்ரி, மின்மினியோ?" என்றாள். கொஞ்சநேரத்தில் மங்கிவிட்டது. மறுபடி வெளிச்சம் பிடித்தோம். அன்றைக்குக் கைத்தொலைபேசி சார்ஜ் அதிலேயே முடிந்தது.

இந்தக் குத்திக்குக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் சொல்லத்தான் வேண்டும். பகலில் கடையில் வைத்துப் பார்த்தால் படம் அவ்வளவு எடுப்பாக இல்லை. இருட்டில்தான் அதற்கு உயிர். இருட்டில் யார் காசு எண்ணுகிறார்கள், எங்களைத் தவிர?

அம்மாவுக்குப் பிடித்தது 2021ஆம் ஆண்டு இன்சுலின் இரண்டு டொலர். அம்மா பதினெட்டு வருடமாக ஊசி போடுகிறவர், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இன்சுலின் போத்தல் இருக்கும். 1921இல் ரொரன்ரோவில் பான்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைக் கண்டு நூறு வருடம் ஆனதற்கு இந்தக் குத்தி. இருபது இலட்சம் நிறத்தோடும் பத்து இலட்சம் நிறமில்லாமலும் விட்டார்கள். படத்தில் ஒரு சின்ன உரல், மருந்துப் போத்தல். எனக்கு நெருக்கமாக நிறையத் திணித்த வேலையாகத் தெரிந்தது, பூப் போட்ட குத்தியின் எளிமை இதில் இல்லை. ஆனால் அம்மா அந்த உரலைக் கண்டு மகிழ்ந்துபோனார். மருந்து என்றால் இடிக்கத்தானே வேணும் என்றார். காப்புரிமையை அவர்கள் பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டொலருக்குக் கொடுத்ததை அண்ணா சொன்னார்.

"ஒரு டொலருக்கோ? அப்ப இந்தக் குத்தியில ரெண்டு பேருக்குக் குடுத்திருக்கலாம்" என்றார் அம்மா. 2022இல் இன்சுலின் தேடி நாங்கள் எத்தனை மருந்துக்கடை ஏறி இறங்கினோம் என்பதை நினைத்துத்தான் சொன்னார். அந்தக் குத்தி இப்போது அவரின் ஊசிப் பெட்டிக்குள் இருக்கிறது, மற்றவை எல்லாம் பேணிக்குள்.

இலண்டனில் இருந்து ஒரு ஒன்றுவிட்ட தங்கச்சி அனுப்பின ஐம்பது பென்ஸ் பற்றி அதிகம் இல்லை. முயல் குட்டிக்கு நீலச் சட்டை போட்டு வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் வைத்து விற்கிறது, புழக்கத்துக்குப் போனது நிறமில்லாதது. கடைக்கு வராத காசுக்குக் கடைக்காரி என்ன புள்ளி போடுவது?

போன வருடத் திருவிழாவில் ஏமாந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். தற்காலிகக் கடை ஒன்றில் என் மனுசன் ஒரு 'நிறக் குத்தி' வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் பத்து ரூபாய்தான், ஒரு பக்கத்தில் மயிலோடு முருகன், பளபள என்று. "இலங்கையில இப்ப விட்டது, கொஞ்சம்தான் அடிச்சவை" என்று விற்றவன் சொன்னானாம். ஆயிரத்தைந்நூறு ரூபாய். கையில் எடுத்ததும் எனக்குச் சரிப்படவில்லை. பெருவிரல் வழுக்கியது. உண்மையான நிறக் குத்தியில் மை உலோகத்தோடு மட்டமாக, அச்சுக்குள் அடங்கி நிற்கும். இது மேலே ஒரு தோல் மாதிரி, விளிம்பில் நகம் தடக்குப்பட்டது. மூலையில் பார்த்தால் படத்துக்குக் கீழே பழைய அச்சின் கோடு மேடு கட்டித் தெரிகிறது. அதாவது குத்தி அடித்த பிறகு யாரோ வீட்டில் வைத்துப் படம் ஒட்டி, மேலே பிசின் ஊற்றியிருக்கிறார்கள்.

மகளின் கியூட்டெக்ஸ் ரிமூவரைப் பஞ்சில் நனைத்தேன். முருகனைத் துடைக்க மனம் வராமல் மயிலின் தோகை நுனியில் மாத்திரம் வைத்தேன். இரண்டே இழுவையில் பஞ்சு நீலமாகிவிட்டது. இவர் ஒன்றும் கதைக்கவில்லை. நான் பாவமன்னிப்புக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போய்வந்தேன். அந்தக் குத்தியின் மறுபக்கம் இன்னமும் பத்து ரூபாய்தான், யாராவது எடுத்தால். நான் லாச்சிக்குள் போடவில்லை.

மற்ற நாட்டு அனுபவம் எங்களுக்கு ஒரு விசயம் காட்டுகிறது என்று நினைக்கிறேன். வடிவான குத்தியை வெளியில் விட்டால் சனம் எடுத்து ஒளித்துவிடும். இங்கேயும் அதுதான். 25 மாவட்டத்துக்கும் 2013ஆம் ஆண்டு போட்டு வந்த பத்து ரூபாய்க் குத்திகள் லாச்சிக்குள் வந்த கையோடு நானே யாழ்ப்பாணத்தை எடுத்து வைத்துக்கொண்டேன், சில மாவட்டம் என் கண்ணிலேயே படவில்லை. இன்னொரு பக்கம், மத்திய வங்கியின் எழுபதாம் ஆண்டுக்கு விட்ட இருபது ரூபாய்க் குத்தியைக் கொடுத்தால் சனம் வாங்கப் பயப்பட்டது. "இது செல்லுமோ அக்கா?" என்று கேட்டு, தாளாகத் தரச்சொன்னார்கள். ஒளிப்பார்கள், இல்லாவிட்டால் பயப்படுவார்கள். நடுவில் புழங்குகிறது என்ற ஒன்று நடக்கிறதே அபூர்வம். அதனால்தான் அந்த உழைத்த பொப்பிக்கு என்னிடம் முதலிடம். மினுங்குகிற குத்திக்கு இரண்டாவது. அவுஸ்திரேலியாவுக்கு மூன்றாவது, மாமியின் சிபாரிசோடு. இன்சுலினை அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார், அது போட்டிக்கு வெளியே. வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரே சொல்: வாங்காதீர்கள். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ ஆள் இருந்தால் மிச்சக் காசைப் பார்த்து எடுத்துவைக்கச் சொல்லுங்கள், முகப்பெறுமதிக்குக் கிடைக்கும்.

கடைசியாக ஒன்று நடந்தது. போன மாதம் ஒரு பின்னேரம், பாண் வந்து சனம் நெருக்குகிற நேரம். ஆச்சிக்குக் காட்டின நாள் தொடங்கி அந்த உழைத்த பொப்பியை மேசை ஓரத்தில்தான் வைத்திருந்தேன். மிச்சம் எண்ணிக் கொடுக்கிற அவசரத்தில் அதுவும் ஐந்து ரூபாயோடு ஐந்து ரூபாயாக யாரிடமோ போய்விட்டது. அளவு கிட்டத்தட்ட ஒன்று, நிறமும் போனது, நானே ஏமாந்துவிட்டேன். இரவு கடை பூட்டும்போதுதான் கண்டுபிடித்தேன். யாருக்குக் கொடுத்தேன் என்று எப்படித் தேடுவது? இருபத்திரண்டு வருடத்தில் செல்லாக்காசு வாங்கியிருக்கிறேன், கொடுத்தது இதுதான் முதல்தரம். வெட்கமாகவும் இருந்தது.

நாலாம் நாள் காலமை. மேல் ஒழுங்கைப் பெடியன் ஒருவன், என்னிடம் அடிக்கடி வராதவன், டொபிக்கு வந்தான். மூன்று குத்தியைக் கண்ணாடியில் வைத்தான். இரண்டு 'ணங்', ஒன்று 'டிக்'.

"இது எங்கால தம்பி?"

"சைக்கிள் கடையில காத்தடிச்ச மிச்சம் அன்ரி. செல்லாதோ?"

எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பள்ளத்தில் இருந்த சிவப்புக்கு மேலே கிறீஸ் கொஞ்சம் ஏறியிருந்தது.

"செல்லும்," என்றேன். "எந்த டொபி வேணும்?"